ரத்தம் பாஸாயிருச்சா?

காலை ஆறரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லேபின் ஷட்டரைத் தூக்கினால், படியில் ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேரும் வெறும் வயிற்றோடு வந்ததாகத்தான் சொல்வார்கள்.

"ஒண்ணும் சாப்பிடலையே?"

"பச்சத்தண்ணி பல்லுல படல பாப்பா. ஒரு கடுங்காப்பி மட்டும் குடிச்சேன்."

"சீனி போட்டா?"

"சீனி போடாம எப்படிக் குடிக்க?"

வத்திராயிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒரு பெரியவர், மாத்திரை போட வேண்டியிருந்ததால் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு வந்தார். மாத்திரைக்காகச் சாப்பிட்டது கணக்கில் வராது என்று எனக்கே தீர்ப்பும் சொன்னார். நான் உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. பன்னுக்கும் ரத்தத்துக்கும் நடுவே என்னென்ன நடக்கிறது என்று படிப்படியாகப் படித்தவள். அவரைத் திருப்பி அனுப்பி மறுநாள் வரச் சொன்னதற்கு, "படிச்ச திமிரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, ரிப்போர்ட் வாங்க வரும்போது கேட்கிற கேள்வி. "பாப்பா, ரத்தம் பாஸாயிருச்சா?"

ஆரம்பத்தில் இதை வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது, அவர்கள் மெய்யாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று. டெஸ்ட் என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற டெஸ்ட்தான். டாக்டர் தேதி சொல்லிவிட்டால் பரீட்சைத் தேதி வந்துவிட்டது. மூன்று நாளைக்குச் சோறு கிடையாது. காலையில் பாகற்காயை மிக்ஸியில் அடித்துக் குடிப்பார்கள். அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போனவர்கள் ரயில்வே கேட் வரை நடந்து போய்விட்டு வருவார்கள். நாலாவது நாள் வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டே நேராகப் பால்கோவா கடைக்குப் போவார்கள். முழுப் பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரி ஒரு முகம். பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் லேப் வைத்தது யார் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, இது பரீட்சை இல்ல. ஒடம்பு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் இது. படிச்சுட்டு வந்தா எனக்கு என்ன தெரியும்?" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த தடவை மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் பாகற்காய் குடித்துவிட்டு வருவார்கள்.

இந்தப் படிப்புக்கு நான் வந்ததே ஒரு பெயர்க் குழப்பத்தில்தான். பன்னிரண்டாவதில் நான் வாங்கிய மார்க்குக்கு டாக்டர் படிப்பு எட்டாது என்று தெரிந்ததும், எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் என்னென்ன இடம் காலியாக இருக்கிறது என்று அப்பா ஒரு தாளில் எழுதி வாங்கிவந்தார். அதில் உயிர்வேதியியல் என்பதற்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"உயிருன்னு இருக்குல்ல. டாக்டருக்கு அடுத்த வீடு மாதிரி பாப்பா" என்றார்.

அடுத்த வீடுதான். ஆனால் நடுவில் காம்பவுண்டுச் சுவர் இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வருஷம் முழுக்கச் சோதனைக் குழாயில் துப்பினோம். உமிழ்நீரில் இருக்கும் நொதி மாவுப்பொருளை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று பார்க்க வேண்டும். உமிழ்நீரைக் கடையில் வாங்க முடியாது, நாங்களே துப்ப வேண்டும். பக்கத்து வகுப்பு காமர்ஸ் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எங்களுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. பிறகு மதுரையில் இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி. சர்க்கரை உடம்புக்குள் உடைந்து சக்தியாகிற அத்தனை படியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதைக் கேட்க இதுவரை யாரும் என்னை எழுப்பவில்லை.

போலீஸில் இருக்கும் சித்தப்பா கேட்டது வேறு. "இந்தப் படிப்பு படிச்சா எஸ்.ஐ. பரீட்ச எழுதலாமா?"

"எந்த டிகிரின்னாலும் எழுதலாம் சித்தப்பா."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுக் கஷ்டமானத எடுத்த?"

டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று நானும் பி.எட். முடித்தேன். ஓர் அலுவலக ஜன்னலில், என் பட்டம் வேதியியலுக்கு இணையானது என்று சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விலங்கியலுக்கு? அதுவும் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கோபப்படக்கூட இல்லை, அலுத்துப்போன குரலில், "இது அதுவும் இல்ல, இதுவும் இல்ல பாருங்க" என்றார். வேதியியலோடு உயிர் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும் என்று கேட்க நினைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். அதைப் படித்துவிட்டு நானும் மறுபடி கடிதம் போடுவேன்.

ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் லேப். இங்கே பொறுப்பாளர் என்னைவிட மூன்று வயது இளைய பெண். இரண்டு வருஷ டிப்ளமோ. எந்தத் தடித்த கையிலும் நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவாள். நான் முதல் வாரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரை மூன்று இடத்தில் குத்தி, மூன்றிலும் ரத்தம் வராமல், அவர் தண்ணீர் கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அன்றோடு ஊசி என் கையிலிருந்து போய்விட்டது. "அக்கா, நீங்க மிஷினப் பாத்துக்கோங்க" என்று அவள் சொன்னதில் கேலி கொஞ்சமும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மிஷின் சரியான எண் சொல்கிறதா என்று தினமும் சரிபார்ப்பது, ரிப்போர்ட்டைப் படித்துக் கையெழுத்துக்கு அனுப்புவது என் வேலை. ரிப்போர்ட்டின் தலையில் பெரிய எழுத்தில் பயோகெமிஸ்ட்ரி என்று அச்சாகி வரும். அதுதான் என் படிப்பு என்று அப்பாவிடம் ஒருமுறை காட்டினேன். அன்றிலிருந்து ஊரில் எல்லாரிடமும், "எல்லார் ரத்தத்து மேலயும் எம் மக பேருதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்குகிற பிள்ளை முழிக்காது. இது அவர் அடிக்கடி சொல்வது. பஸ்ஸில் போன பிள்ளைகளும் சொல்லியிருக்கிறார்கள். வலது காலை லேசாகத் தட்டிக் காட்டி, "எல்லாம் இதுலதான் இருக்கு. எம்புட்டு அமுக்கணும்னு இதுக்குத் தெரியும்" என்பார்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் டிரைவர்கள் எல்லாரும் உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். கண், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தன்னோடு ஓட்டும் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு அப்பா எங்கள் லேபுக்கே வர ஆரம்பித்தார். முதல் வருஷம் தொண்ணூற்றெட்டு. இரண்டாவது வருஷம் நூற்று இரண்டு. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஆறு பேரும் கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து, லேப் வாசலிலேயே நின்று தின்றார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது. நானும் தின்றேன். ஊரே பாகற்காய் குடித்துவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து எரிந்துவிழுகிறவள், என் அப்பாவின் தொண்ணூற்றெட்டை மட்டும் அப்படியே நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இந்த வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் மிக்ஸி ஓடியது. அம்மா பச்சை நிறத்தில் ஒரு டம்ளரை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்னம்மா அது?"

"உங்கப்பா பரீட்சைக்குப் படிக்காரு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளறக் கிளற விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாகவே இப்படித்தானாம். கூட ஓட்டும் ஒரு டிரைவருக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும். அவர் மாத்திரை அட்டையைத்தான் டெஸ்டுக்கு முந்தின வாரம் அப்பா உட்பட மற்றவர்கள் பங்குபோட்டு விழுங்குகிறார்கள். டாக்டர் யாருக்கு எழுதிக்கொடுத்தார், யார் விழுங்குகிறார்கள் என்ற கேள்வியே அங்கே கிடையாது.

"யாருக்கும்மா எழுதிக்கொடுத்த மாத்திர? இதெல்லாம் தப்புன்னு தெரியாதா?"

"பரீட்சைன்னா எல்லாரும் படிக்கத்தானட்டி செய்வாக. நீ படிக்கலையா?"

அம்மா அதோடு விட்டிருந்தால்கூட நான் பாகற்காயோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். பேச்சை மாற்றுவதற்காக ஒரு வேடிக்கை சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் அப்பா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தாராம். வலது கால் செருப்பு எங்கே என்று கேட்டால் குனிந்து பார்த்துவிட்டு, "அட, எங்கனயோ விழுந்திருச்சு" என்றாராம். சொல்லிவிட்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாவும் கூடத்திலிருந்து சிரித்தார். "யோசனையா வந்துட்டேன்" என்றார்.

மே மாதம். மத்தியானம். மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீடு வரை தார் ரோடு. செருப்பு போட்டவர்களே ஓரத்து மண்ணில் ஒதுங்கி நடக்கிற வெயில். அந்த ரோட்டில் ஒரு மனிதர் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், வீட்டுக்கு வந்து பெண்டாட்டி சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்தால் காலில் நரம்பு எப்படி மரத்துப்போகிறது என்பது பத்து மார்க் கேள்வி. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை முழு மார்க்.

அது வலது கால். பிரேக் மிதிக்கிற கால்.

டெஸ்ட் அன்றைக்கு ஆறு பேரும் வந்தார்கள். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மூன்று நாள் சோறு தின்னாத முகங்களோடு. பொறுப்பாளப் பெண்ணிடம் நான் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அப்பாவுக்கு மட்டும் அதோடு ஊதா மூடி போட்ட ஒரு குழாயும் எடுத்தாள். கேட்காமல் எடுத்தது தப்பு. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஊதா எதுக்கு? எப்பவும் ஒண்ணுதான எடுப்பீங்க?" என்றார் அப்பா.

"அது எனக்கு" என்றேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பன்னிரண்டு, பள்ளிக்கூடச் சான்றுக்கு அது போதும். ஊதா மூடியில் வந்த எண் ஒன்பது புள்ளி ஆறு. அது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று அர்த்தம். மிஷினைச் சந்தேகப்பட்டு மறுபடி போட்டேன். அதே எண்தான் வந்தது. மிஷினைச் சந்தேகப்படவும் ஒரு படிப்பு வேண்டும், அதுவும் எனக்கு இருந்தது, அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

மற்ற ஐந்து பேரும் வழக்கம்போலப் பால்கோவா கடைக்குப் போய்விட்டார்கள். அப்பாவை ரத்தம் எடுக்கிற அறையில் உட்காரவைத்து, இரண்டு தாளையும் காட்டினேன். சர்க்கரை ரத்தச் சிவப்பணுவில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் அந்த அணு சாகும் வரை விடாது, அணு நாலு மாதம் உயிரோடு இருக்கும், அதனால் பங்குனியில் தின்றதுகூட இதில் தெரியும் என்று எனக்கு வந்த அளவு எளிமையாகச் சொன்னேன்.

கவனமாகக் கேட்டார். பிறகு, "இது சிலபஸ்ல இல்லாததுல்ல?" என்றார்.

"அப்பா."

"ஸ்கூல்ல கேட்டது வெறும் வயித்து சுகர் மட்டுந்தான. அதுல நான் பாஸா இல்லையா?"

"இது பாஸ் ஃபெயில் இல்லப்பா."

"அப்ப அந்த ரெண்டாவது தாள மடிச்சு உள்ள வையி. பொறவு பாத்துக்கிடலாம். ஸ்கூல் திறந்துரட்டும், நானே வைத்தியம் பாக்கேன்."

"முடியாதுப்பா."

முகம் மாறியது. "இம்புட்டு வருசம் படிக்கவச்சேன். ஒரு தாள மடிச்சு வைக்கத் தெரியாதாட்டி ஒனக்கு?"

என் படிப்பால் தனக்கு இன்னது வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கத்திவிட்டேன். பாகற்காய், யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரை, இரண்டு வருஷம் எனக்கும் வாங்கிக்கொடுத்துத் தின்னவைத்த பால்கோவா, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பொறுப்பாளப் பெண் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். கத்தினால் அவருக்கு எதுவும் ஏறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பட்டாளத்தில் என்னைவிடப் பெரிய தொண்டைகளை எல்லாம் கேட்டவர்.

கத்தி முடித்துவிட்டு அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "வலது கால் செருப்பக் கழத்துங்க."

"எதுக்கு? கால்ல விழுந்து கெஞ்சப் போறியா?"

"கழத்துங்கப்பா."

கழற்றினார். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, வெந்து ஆறிக்கொண்டிருந்த தோல் உரிந்து தொங்கியது. அவருக்கு அது இருப்பதே தெரியாது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"கண்ண மூடுங்க. எந்த விரலத் தொடுதேன்னு சொல்லணும்."

"அம்புட்டுத்தானா?" அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. "இதுல பாஸாயிட்டா அந்தத் தாள மடிச்சு வச்சிருவியா?"

"வச்சிருதேன்" என்றேன். வைத்திருப்பேனா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, எதையோ ஜெயிக்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். நான் பெருவிரலை இரண்டு விரலால் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தினேன். பிறகு நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினேன். வெளியே யாரோ பொறுப்பாளப் பெண்ணிடம் ரத்தம் பாஸா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா உதட்டோரத்தில் சிரிப்போடு காத்திருந்தார்.

"ம், தொடு" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை.

"என்னட்டி, தொடுன்னு சொல்லுதேன்ல. செத்த நேரமா உக்காந்திருக்கேன்."

அவரே கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். என் நகத்துக்கு அடியில் அவர் விரல் வெளுத்துப்போயிருந்தது.

"எப்ப இருந்து பிடிச்சிருக்க?"

"நீங்க கண்ண மூடுனதுல இருந்து."

காலை இழுத்துக்கொள்ளவில்லை. வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பால்கோவா வாங்கிக்கொண்டு வந்த டிரைவர்கள் அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வண்டியில நாப்பது பிள்ளைக இருக்கும்" என்றார்.

இரண்டு தாளையும் கொடு என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மற்றதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து டிரைவர்களிடம் போனார்.